டென்வர் முதல் மோவாப் வரை: காரின் பின்னே பயணிக்கும் சைக்கிள்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வரிலிருந்து, அண்டை மாநிலமான யூட்டாவில் செந்நிற மணற்பாறைகளுக்கு நடுவே அமைந்த மோவாப் என்னும் சிற்றூர் வரை, ராக்கி மலைத்தொடரைக் குறுக்கே கடந்து ஏறத்தாழ 570 கிலோமீட்டர் நீளும் சாலை, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் மலைச் சைக்கிளோட்டிகளின் சாலையாக மாறிவிடுகிறது. இவ்வூரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் பாறைகளில் தொடங்கிப் பாறைகளிலேயே முடித்துவிடுகின்றனர். சைக்கிளை அங்கே கொண்டு சேர்க்கும் ஆறு மணி நேரத்தைப் பற்றிப் பேசுவோர் அரிது. காரின் பின்னே எந்த வகைச் சைக்கிள் தாங்கியைப் பொருத்துவது என்ற கேள்விக்கு, விற்பனைக் கடையில் கிடைப்பதைவிடத் தெளிவான விடை இந்தச் சாலையில்தான் கிடைக்கிறது. மலையேற்றம், நீண்ட இறக்கம், பனியுருக்கும் கரைசல் படிந்த தார்ச்சாலை, காற்று வீசும் திறந்த வெளி, கடைசியில் அலை அலையாக வரி விழுந்த மண்பாதை என எல்லாம் ஒரே நாளில் அடுத்தடுத்து வந்து, தாங்கியின் ஒவ்வொரு மூட்டையும் சோதித்துவிடுகின்றன.

ஹிட்ச் என்பது, டிரெய்லர் எனப்படும் இழுவை வண்டியைப் பூட்டுவதற்காகக் காரின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முறுக்கப்படும் உருக்குச் சட்டம் ஆகும். பம்பருக்குக் கீழே, அதன் நடுவில், பின்னோக்கித் திறந்த வாயோடு இருக்கும் சதுரக் குழாய்க்கு ரிசீவர் என்று பெயர். சைக்கிள் தாங்கியின் தண்டு இந்தக் குழாய்க்குள் நுழைய, இரண்டையும் ஊடுருவிச் செல்லும் ஒரு குறுக்காணி தண்டு வெளியே வராமல் தடுத்து நிறுத்துகிறது. அமெரிக்கக் கார்களில் 1¼ அங்குலம், 2 அங்குலம் ஆகிய இரண்டு அளவுக் குழாய்களே பரவலாக உள்ளன. முன்னதன் ஆணி ½ அங்குலத் தடிமனும் பின்னதன் ஆணி ⅝ அங்குலத் தடிமனும் கொண்டவை. ஐரோப்பாவில் சதுரக் குழாய்க்குப் பதிலாக 50 மில்லிமீட்டர் உருண்டை முனை கொண்ட கொக்கியே வழக்கம் என்பதால், அங்கு விற்கப்படும் தாங்கிகள் அந்த உருண்டையைக் கவ்விப் பிடிக்குமாறு செய்யப்படுகின்றன. எனவே ஐரோப்பிய இதழ் ஒன்றில் படித்த பரிந்துரையை அமெரிக்கக் காருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

குழாயின் அளவு வெறும் பொருத்தத்தைப் பற்றிய செய்தி அன்று, சுமையைப் பற்றிய செய்தியும் ஆகும். ஹிட்ச்சுகள் அவை தாங்கும் எடையைக் கொண்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் வகுப்பைச் சேர்ந்த 1¼ அங்குல ஹிட்ச்சின் மீது செங்குத்தாக இறங்கக்கூடிய எடை 200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 90 கிலோ. இரண்டாம் வகுப்பில் அது 350 பவுண்டாக உயர்கிறது. 2 அங்குலக் குழாய் கொண்ட மூன்றாம் வகுப்பில் 800 பவுண்டு வரை செல்கிறது. ஒரு தாங்கி 30 கிலோ, அதன்மேல் தலா 15 கிலோ எடையுள்ள இரண்டு மலைச் சைக்கிள்கள் என்று கொண்டால் மொத்தம் 60 கிலோ ஆகும். அதே தாங்கியில் தலா 30 கிலோ எடையுள்ள இரண்டு மின் சைக்கிள்களை ஏற்றினால் முதல் வகுப்பின் வரம்பை அந்தக் கணமே தொட்டுவிடுகிறது. இதில் பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. டிரெய்லரின் எடை குழாயின் வாயருகே நேர்கீழாக அழுத்துகிறது. சைக்கிள்களின் எடையோ குழாயிலிருந்து அரை மீட்டரோ அதற்கு மேலோ தள்ளி நின்று, நெம்புகோல் போல அக்குழாயை முறுக்குகிறது. கார் ஒரு பள்ளத்தில் இறங்கி எழும்போது இந்த முறுக்கு விசை நின்ற நிலையில் இருப்பதைப் போல் பல மடங்காகிவிடுகிறது. 1¼ அங்குலக் குழாய்க்கான தாங்கிகள் பெரும்பாலும் இரண்டு சைக்கிள்களோடு நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். சிறிய குழாயில் பெரிய தாங்கியைப் பொருத்துவதற்கென விற்கப்படும் இணைப்புத் துண்டுகள் தாங்கியை மேலும் பின்னுக்குத் தள்ளி நெம்புகோலை நீளமாக்குகின்றன. அளவு பொருந்திவிட்டதாலேயே வலுவும் வந்துவிட்டது என்று நம்புவோருக்கு அவை ஆபத்தான வசதி.

டென்வரிலிருந்து மேற்கே புறப்படும் கார், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடியதும், 1859 ஆம் ஆண்டில் தங்கம் கிடைத்ததால் எழுந்த ஐடஹோ ஸ்பிரிங்ஸ் என்னும் சுரங்க ஊரை அடைகிறது. தாங்கியைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நிறுத்தம் இவ்வழியில் இல்லை. ஏனெனில் வீட்டு வாசலில் இறுக்கிய திருகுகள் எல்லாம் இந்த முதல் 50 கிலோமீட்டரில்தான் தத்தம் இடத்தில் அமர்ந்து, இறுக்கம் குறைந்து நிற்கும். காரின் பின்னே நின்று, வெளிப்பக்கச் சைக்கிளின் இருக்கையை ஒரு கையாலும் ஹேண்டில்பாரை மறு கையாலும் பற்றிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கும்போது, இறுகப் பூட்டிய தாங்கியாக இருந்தால் சைக்கிளோடு காரும் சேர்ந்து அசையும்; பூட்டுத் தளர்ந்த தாங்கியாக இருந்தால் கார் அசையாமல் நிற்க, சைக்கிள் மட்டும் ஆடி, குழாய்க்குள்ளிருந்து இரும்பில் இரும்பு மோதும் "டக், டக்" என்ற ஒலி எழும். தண்டு குழாய்க்குள் நுழைய வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தே தீர வேண்டும். அந்த இடைவெளிதான் இந்த ஆட்டத்துக்குத் தாய். குறுக்காணி தண்டை உருவி வராமல் தடுக்குமே தவிர ஆட்டத்தைத் தடுக்காது.

ஆட்டத்தை அடக்குவதற்கு இருவகை ஏற்பாடுகள் வழக்கில் உள்ளன. மரை கொண்ட ஆணியை முறுக்கி, தண்டைக் குழாயின் ஒரு பக்கச் சுவரோடு இழுத்து ஒட்டவைப்பது பழைய முறை; தண்டின் உள்முனையில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றை வைத்து, வெளியே உள்ள குமிழைத் திருகும்போது அந்த ஆப்பு நகர்ந்து குழாயின் மூலையை அழுத்திப் பிடிக்குமாறு செய்வது பின்னர் வந்த முறை. முதல் முறைக்கு ஸ்பானர் தேவை. இரண்டாவதைக் கையாலேயே நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறுக்கிக்கொள்ள முடிகிறது என்பதால், தொலைவழிப் பயணத்துக்கு ஆப்பு முறையே மேலானது. விலைப்பட்டியலில் இந்த ஏற்பாடு சிறு எழுத்தில்தான் இடம்பெறுகிறது. ஆயினும், தாங்கியின் ஆயுளையும் சைக்கிளின் ஆயுளையும் தீர்மானிப்பதில் வண்ணப்பூச்சுக்கும் நிறுவனப் பெயருக்கும் இல்லாத பங்கு இதற்கு உண்டு.

ஐடஹோ ஸ்பிரிங்ஸைக் கடந்த சாலை, ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் மலையைத் துளைத்துச் செல்லும் 2.7 கிலோமீட்டர் நீளமான ஐசன்ஹோவர் சுரங்கப் பாதையை நோக்கி ஏறுகிறது. மேற்கு நோக்கிய போக்குவரத்துக்கான அதன் முதல் குழாய் 1973 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கூரைமேல் சைக்கிளை நிறுத்திய கார்கள் இந்த ஏற்றத்தில் காற்றோடு போராடி எரிபொருளைக் கூடுதலாகச் செலவிடுகின்றன. பின்புறத் தாங்கியில் உள்ள சைக்கிள்களோ காரின் உடல் கிழித்துச் செல்லும் காற்றின் மறைவில் பெரும்பகுதி ஒதுங்கிக்கொள்கின்றன. கூரையின் உயரத்துக்கு 15 கிலோவைத் தூக்க வேண்டிய தொல்லையும், சைக்கிள் மேலே இருப்பதை மறந்து தாழ்ந்த கார் நிறுத்தகத்துக்குள் நுழைந்துவிடும் அபாயமும் பின்புறத் தாங்கிக்கு இல்லை.

சுரங்கத்துக்கு அப்பால் சில்வர்தோர்ன் வரை இறங்கி, மீண்டும் 3,250 மீட்டர் உயரமுள்ள வேய்ல் கணவாய்க்கு ஏறும் சாலையின் ஓரமாகச் சைக்கிள்களுக்கென்றே தார்ப்பாதை ஒன்று போடப்பட்டுள்ளது. கோடையில் குடும்பங்கள் கணவாயின் உச்சியில் சைக்கிள்களை இறக்கிக்கொண்டு, பெடல் மிதிக்காமலே ஊர்வரை உருண்டு இறங்குகின்றன. தொங்கு தாங்கி என்று சொல்லத்தக்க வகையின் நிறைகுறைகளை இந்த உச்சியில் காணலாம். நடுவில் ஒரு கம்பம் நிமிர்ந்து நிற்க, அதன் தலையிலிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு கைகளில் சைக்கிளின் மேற்குழாயை, அதாவது தமிழர் பேச்சில் "பார்" எனப்படுவதை, வைத்து ரப்பர் வாரால் கட்டுவது இவ்வகையின் அமைப்பு. இது எடையில் குறைந்தது, விலையில் மலிந்தது, நான்கு சைக்கிள்களைக் குறைந்த இடத்தில் அடுக்கக்கூடியது. ஆனால் பார் இல்லாத லேடீஸ் சைக்கிளுக்கும் சிறுவர் சைக்கிளுக்கும் இதில் இடமில்லை; இருக்கைத் தண்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே பொய்ப் பார் ஒன்றைக் கட்டி, அதைத்தான் தொங்கவிட வேண்டியிருக்கிறது. கார்பன் இழையால் ஆன ஃப்ரேமின் குழாய்ச் சுவர்கள் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குமாறு வடிவமைக்கப்படாதவை என்பதால், அவற்றை வாரால் இறுக்கிக் கட்டுவது விரிசலுக்கு வழிவகுக்கும். இவற்றையெல்லாம்விடத் தொல்லை தருவது, தொங்கும் சைக்கிள்கள் ஒன்றோடொன்று உரசுவது. ஒன்றின் பெடல் மற்றொன்றின் ஃப்ரேமில் மோதி வண்ணத்தைச் சுரண்டுகிறது. அடுத்த வளைவில் அதே பெடல் அதே இடத்தைத் தொட்டு, நூறு கிலோமீட்டருக்குள் உலோகம் தெரியும் வரை தேய்த்துவிடுகிறது.

தட்டுத் தாங்கி எனத்தக்க மற்றொரு வகையில் சைக்கிள் தொங்குவதில்லை. நீண்ட தொட்டி போன்ற தட்டில் இரண்டு சக்கரங்களையும் ஊன்றி நிற்கிறது. அதை நிமிர்ந்து நிற்கவைக்கும் முறையில்தான் தயாரிப்பாளர்கள் வேறுபடுகின்றனர். சில தாங்கிகளில் கொக்கிக் கை ஒன்று மேலிருந்து இறங்கி ஃப்ரேமைப் பிடிக்கிறது. வேறு சிலவற்றில் முன்சக்கரத்தின் டயர்மேல், ஃபோர்க்கை ஒட்டி, ராட்செட் பல் கொண்ட கை ஒன்று அழுத்தி நிற்கிறது. 1அப் யூஎஸ்ஏ நிறுவனத்தின் அலுமினியத் தாங்கிகளில் இரு பக்கங்களிலிருந்தும் இரண்டு கைகள் எழுந்து இரண்டு டயர்களையும் கவ்விக்கொள்கின்றன. டயரை மட்டும் தொடும் வகைகளே சிறந்தவை என்று தயக்கமின்றிச் சொல்லலாம். ஃப்ரேம் எந்த வடிவில், எந்தப் பொருளால் ஆனதாக இருந்தாலும் டயர் டயராகவே இருப்பதால், குடும்பத்தில் உள்ள அத்தனை சைக்கிள்களையும் ஒரே தாங்கி ஏற்றுக்கொள்கிறது. மட்கார்டு பூட்டிய சைக்கிள்தான் விதிவிலக்கு; முன்சக்கரத்தின்மேல் இறங்கும் கை மட்கார்டை நசுக்கிவிடும் என்பதால், அதற்கு மட்கார்டைத் தொடாமல் டயரைப் பிடிக்கும் வகையைத் தேட வேண்டும். தட்டுத் தாங்கியின் குறை அதன் எடை. இரண்டு சைக்கிளுக்கானதே 20 முதல் 30 கிலோ வரை கனக்கிறது என்பதால், தனியொருவர் குழாயில் பொருத்துவதும் கழற்றுவதும் முதுகை வருத்தும் வேலை.

பருவமும் தேர்வில் தலையிடுகிறது. மோவாபில் சைக்கிளோட ஏற்ற மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்த மலைச்சாலையில் இன்னும் பனி பெய்துகொண்டிருக்கும்; பனி உறையாமல் இருக்கக் கொலராடோ சாலைகளில் மக்னீசியம் குளோரைடு என்னும் உப்புக் கரைசல் தெளிக்கப்படுகிறது. காரின் பின்சக்கரங்கள் வாரியிறைக்கும் அந்தக் கரைசல் முழுவதும் பின்னே நிற்கும் சைக்கிள்களின் செயினிலும் பிரேக் தட்டுகளிலும் படிகிறது. தாங்கியின் திருகுகளும் ஆணியும் இதே கரைசலில் குளிப்பதால், துருப்பிடிக்காத உருக்குத் திருகுகள் கொண்ட தாங்கி நான்கைந்து பருவங்களுக்குப் பின்னும் கழன்றுவருகிறது. மற்றவை குழாயோடு குழாயாக ஒட்டிவிடுகின்றன. ஊர் சேர்ந்ததும் சைக்கிளை நல்ல நீரில் கழுவுபவர் தாங்கியின் தண்டையும் உருவிக் கழுவித் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசி வைப்பது நலம்.

கொலராடோ ஆறு குடைந்த குறுகிய பள்ளத்தாக்கான கிளென்வுட் கேன்யனில், பாறைச் சுவரையும் ஆற்றையும் சிதைக்காமல் தூண்களின்மேல் கட்டப்பட்டு 1992 ஆம் ஆண்டில் நிறைவுபெற்ற ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சாலைப்பகுதி, அமெரிக்கப் பொறியியலின் அழகான ஆக்கங்களுள் ஒன்று. அங்குள்ள ஓய்விடங்களில் நிற்கும் கார்களைப் பார்த்தால் தாங்கியின் அன்றாடப் பயன்பாடு விளங்குகிறது. உணவுப் பையை எடுக்க டிக்கியைத் திறக்க வேண்டும். சைக்கிள்களைச் சுமந்தபடியே பின்னோக்கிச் சாயும் தாங்கி என்றால் கதவு திறக்கும், சாயாத தாங்கி என்றால் எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும். சாய்த்த பின்னும் ஹேண்டில்பாரில் கதவு இடிக்கிறதா என்பதைச் சொந்தக் காரில் பொருத்திப் பார்க்காமல் அறிய முடியாது. மின்விசையால் தானே திறக்கும் கதவு உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பின்னோக்கி நகரும்போது தடையைக் கண்டு தானே பிரேக் போடும் புதிய கார்கள், தாங்கியையே தடையாக எண்ணி நின்றுவிடுவதுண்டு. காரின் புகைபோக்கிக் குழாய்க்கு நேர்பின்னே டயர் வருமாறு அமைந்த தாங்கியில், வெப்பப் புகை பட்டு ரப்பர் உருகிப்போவதும் நடக்கிறது. நம்பர் பிளேட் மறையாமல் இருக்க வேண்டும் என்று கொலராடோச் சட்டம் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் மாநில அரசுகளே தாங்கியில் மாட்டுவதற்கெனத் தனித் தகடு வழங்குவது பிற நாடுகளும் பின்பற்றத்தக்க நல்ல வழக்கம்.

கிராண்ட் ஜங்ஷன், ஃப்ரூட்டா ஆகிய ஊர்களைத் தாண்டியதும் மலைகள் விலகி, மணிக்கு 75 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட திறந்த வெளியில் சாலை யூட்டாவுக்குள் நுழைகிறது. பக்கக்காற்று அடிக்கும் நாட்களில் சைக்கிள்களின் மேற்பகுதி அசைவதைக் காரின் பின்கண்ணாடியிலேயே காண முடியும். வேகத்தைக் குறைப்பது தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. கிரசென்ட் ஜங்ஷனில் நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பும் கிளைச்சாலை, அரை மணி நேரத்தில் மோவாபில் கொண்டு சேர்க்கிறது.

1950களில் யுரேனியம் தேடி வந்தவர்கள் பாறைகளுக்கிடையே வெட்டிய ஜீப் பாதைகளே இன்று மோவாபுக்குச் சைக்கிளோட்டிகளை ஈர்க்கின்றன. ஊருக்குக் கிழக்கே, பழங்காலத்து மணற்குன்றுகள் இறுகிக் கல்லான பரப்பின்மேல் செல்லும் ஸ்லிக்ராக் பாதை, 1969 ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள்களுக்காக வகுக்கப்பட்டுப் பின்னர் மலைச் சைக்கிளின் புகழ்பெற்ற தடமாயிற்று. கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் சுற்றிவரும் வைட் ரிம் பாதையில் குடிநீர் கிடையாது என்பதால், சைக்கிளோட்டிகளின் பின்னே நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டி ஒன்று நீரையும் உணவையும் சுமந்து வருவது வழக்கம். சோர்ந்தவரின் சைக்கிளும் அவ்வண்டியின் தாங்கியில்தான் ஏறும். தாங்கியின் கடைசிச் சோதனை இங்கே நடைபெறுகிறது. குறுக்கே அலை அலையாக வரி விழுந்த மண்பாதையில் கார் ஓடும்போது, நொடிக்குப் பல முறை எழும் அதிர்வு, டயர்மேல் இறங்கிய ராட்செட் கையை ஒவ்வொரு பல்லாக நெகிழ்த்துகிறது. செந்நிறத் தூள் பற்களுக்கிடையே புகுந்து அடைத்துக்கொள்ள, கை இறுகியது போன்ற தோற்றத்தை மட்டும் தருகிறது. சில நிறுவனங்கள் தார்ச்சாலைக்கு ஓர் எடை வரம்பும் மண்பாதைக்கு அதைவிடக் குறைந்த வரம்பும் எனத் தம் கையேட்டில் இரண்டைத் தருகின்றன. சில, மண்பாதையில் பயன்படுத்தவே கூடாது என்கின்றன. தார்ச்சாலைக்குரிய எண்ணை மட்டும் படித்துவிட்டு இரண்டு மின் சைக்கிள்களோடு இந்தப் பாதையில் இறங்குவோர், கையேட்டின் அடுத்த வரியை மீறியவராகிறார்கள். அதோடு, நீண்ட தாங்கி பொருத்திய கார் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும்போது தாங்கியின் வால்பகுதி தரையில் இடிக்கும். குழாயிலிருந்து சற்று மேல்நோக்கி வளைந்து எழும் தண்டு கொண்ட தாங்கி இத்தகைய இடங்களில் கைகொடுக்கிறது.

லா சால் மலைகளின் உச்சிப் பகுதியிலிருந்து கொலராடோ ஆற்றங்கரை வரை 2,000 மீட்டருக்கும் மேல் இறங்கும் "ஹோல் என்சிலாடா" தடத்துக்கு ஓட்டிகளை ஏற்றிச் செல்லும் வாடகை வண்டிகள் வேறொரு தீர்வைக் காட்டுகின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தோன்றிய நார்த் ஷோர் வகைத் தாங்கிகளில், சைக்கிள்கள் முன்சக்கரம் மேலாகச் செங்குத்தாகத் தொங்குகின்றன. அதனால் ஐந்தாறு சைக்கிள்கள் கூடக் காருக்கு நெருக்கமாக நின்று நெம்புகோலைக் குறுக்கிவிடுகின்றன. இருப்பினும், ஃபோர்க்கின் தோளைப் பிடிக்கும் இவ்வகையின் பழைய அமைப்பு அதிர்வுதாங்கி ஃபோர்க் கொண்ட மலைச் சைக்கிளுக்கே பொருந்தும். சைக்கிளைத் தோளுயரம் தூக்க இயலாதவருக்கும் மின் சைக்கிள் வைத்திருப்போருக்கும் இது ஏற்றதன்று. மலைச் சைக்கிள் மட்டுமே ஓட்டும் நண்பர் குழுவுக்கோ இதற்கு இணையில்லை.

தாங்கியோடு வரும் மெல்லிய பூட்டுக் கம்பி சாலையோரத்தில் தேநீர் அருந்தும் நேரத்துக்குப் போதும். விடுதி வாசலில் இரவு முழுவதும் நிறுத்துவதற்குப் போதாது. குறுக்காணியும் பூட்டு வைத்ததாக இருக்க வேண்டும். இல்லையேல் தாங்கி, சைக்கிள் இரண்டையும் சேர்த்தே உருவிச் சென்றுவிடலாம்.

வாங்குவோர் பெரும்பாலும் தாங்கியைத் தேர்ந்த பின்னரே அது தம் காருக்குப் பொருந்துமா என்று கேட்கின்றனர். மோவாபுச் சாலை காட்டும் முறை இதற்கு நேர்மாறானது. முதலில் காரின் கையேட்டில் ஹிட்ச் தாங்கும் எடையைப் பார்த்து, அடுத்து வீட்டிலுள்ள சைக்கிள்களை எடைபோட்டு, பிறகு போகவிருக்கும் பாதையின் கடைசி மைல் தாரா மண்ணா என்று அறிந்துகொண்டால், எஞ்சும் தாங்கிகள் இரண்டு மூன்றுக்கு மேல் இரா. மூன்று சைக்கிள்களோ மின் சைக்கிள்களோ ஏற்ற எண்ணுவோர், 1¼ அங்குலக் குழாயை இணைப்புத் துண்டால் நீட்டிச் சமாளிக்காமல், தாங்கிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, தம் கார் ஏற்குமானால், 2 அங்குல ஹிட்ச்சை முதலில் பொருத்திக்கொள்ள வேண்டும். கார் ஏற்காவிட்டால், இரண்டு எடை குறைந்த சைக்கிள்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.